மூலப் படங்களும் அவற்றைப் பேணும் மென்பொருளும்



‘ரா’ கோப்புகளைப் பதப்படுத்தவும் அடுக்கிப் பேணவும் எந்த மென்பொருள் சிறந்தது என்பதே அங்கத்தினர் பலருடைய சந்தேகமாக இருக்கிறது, அதைப் பற்றிப் பேசுங்கள் என்று இந்தப் புகைப்படக் கலைச் சங்கத்தார் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். ஒரு பெயரைச் சொல்லிவிட்டு அமர்ந்துவிடலாம். ஆனால் அந்தப் பெயருக்குரிய பொருள் இன்னும் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு உலகத்தில் இருக்குமா என்பதை எண்ணிப் பார்க்கும்போது, கேள்வியைச் சற்றே மாற்றி அமைத்துக்கொள்வது நலம் என்று தோன்றுகிறது. ஒரு மென்பொருளை நாம் கைவிட நேர்ந்தால், அல்லது அது நம்மைக் கைவிட்டால், நம் கையில் மிஞ்சுவது எது? தேர்வு செய்கிறவர் எல்லாவற்றுக்கும் முன்னால் ஆராய வேண்டியது இதைத்தான் என்பது என் அபிப்பிராயம். இன்று நான் சொல்லப்போகும் விஷயங்கள் யாவும் அந்த அபிப்பிராயத்துக்கு ஆதாரமானவை.

ரா கோப்பு என்பது என்ன என்று முதலில் பார்த்துக்கொள்வோம். மென்பொருளின் அதிகாரம் எவ்வளவு பெரியது என்பது அதிலிருந்தே விளங்கும். காமிராவிலுள்ள சென்சாருக்கு நிறம் தெரியாது. ஒவ்வொரு புள்ளியிலும் விழுந்த ஒளியின் அளவு மாத்திரமே அதற்குத் தெரியும். அந்தப் புள்ளிகளின்மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளை மாறி மாறிப் பதித்து, நான்கு புள்ளிகளில் இரண்டைப் பச்சைக்கும், எஞ்சிய இரண்டைச் சிவப்புக்கும் நீலத்துக்கும் பகிர்ந்து கொடுக்கும் முறையை ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்து விஞ்ஞானி பிரைஸ் பேயர் வகுத்தார். 1975ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை கோரப்பட்டு மறு ஆண்டில் வழங்கப்பட்டது. மனிதக் கண் ஒளியின் நுணுக்கங்களைப் பச்சைப் பகுதியில்தான் மிகுதியாக உணர்கிறது என்பதனால் பச்சைக்கு இரட்டைப் பங்கு கிடைத்தது. அதே 1975இல், அதே கோடாக்கில், ஸ்டீவன் சாசன் என்ற இளம் பொறியாளர் நீளத்தில் நூறும் அகலத்தில் நூறுமாகப் புள்ளிகள் கொண்டதும், ஒரு படத்தைக் கேசட் நாடாவில் பதிய 23 விநாடிகள் எடுத்துக்கொண்டதுமான ஒரு டிஜிட்டல் காமிராவைக் கட்டி முடித்தார் என்பதையும் இவ்விடத்தில் நினைவுகூர்வது பொருத்தம்.

இன்று நம்மில் பெரும்பாலோர் வைத்திருக்கும் காமிராக்களில் பேயரின் அமைப்பே தொடர்கிறது. ஆகவே ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தைத்தான் அளந்திருக்கிறது. மற்ற இரு நிறங்களையும் அண்டையிலுள்ள புள்ளிகளைக் கொண்டு அனுமானித்து நிரப்ப வேண்டியது மென்பொருளின் காரியம். ஜேபெக் படமாகப் பதிவு செய்யும்போது இந்த அனுமானத்தையும், வெண்மை எது என்ற நிர்ணயத்தையும், நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் இடையிலான விகிதத்தையும் காமிராவே நொடிப்பொழுதில் தீர்மானித்து, மிகுந்ததைத் தள்ளிவிடுகிறது. ரா கோப்பில் அந்தத் தீர்மானங்கள் அனைத்தும் நமக்காக ஒத்திவைக்கப்படுகின்றன. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். 14 பிட் ரா கோப்பிலோ ஒரு புள்ளியின் ஒளியை 16,384 படிகளில் குறிக்க இடம் இருக்கிறது. இருண்டுபோன முகத்தை ராவிலிருந்து மீட்க முடிவதும், ஜேபெக்கிலிருந்து மீட்கும்போது திட்டுத் திட்டாகத் தெரிவதும் இந்த வித்தியாசத்தால்தான்.

ஆகையால் ரா கோப்பு இன்னும் படமாகவில்லை. ஒரே கோப்பை இரண்டு மென்பொருள்களில் திறந்தால், நாம் எதையும் மாற்றுவதற்கு முன்பே, இரண்டு வேறு படங்கள் நம்முன் நிற்கும். மேனியின் நிறம் ஒன்றில் சற்றே சிவந்தும் மற்றொன்றில் சற்றே வெளிறியும் இருக்கலாம். இரண்டில் எது உண்மை என்று வழக்காட இடமில்லை. ஃபூஜிஃபிலிம் நிறுவனம் 2012ஆம் ஆண்டில் எக்ஸ்-புரோ1 காமிராவை வெளியிட்டபோது பேயர் முறையை விட்டு, ஆறுக்கு ஆறு கட்டங்களில் நிறங்களைப் பரப்பும் எக்ஸ்-டிரான்ஸ் என்னும் அமைப்பைப் புகுத்தியது. அதற்குத் தக்க கணித முறை அப்போது எல்லோரிடமும் தேறியிருக்கவில்லையாதலால், சில மென்பொருள்களில் இலைகளும் புல்வெளியும் நுண்விவரம் கலங்கித் தோன்றுவதாக அந்தக் காமிராவை வாங்கியவர்கள் குறைப்பட்டார்கள். பிறர் புகழ்ந்த மென்பொருள் நம் காமிராவுக்கும் பொருந்தும் என்ற நிச்சயம் இல்லை என்பதற்கு இது ஒரு நல்ல உதாரணம்.

இனி, நாம் ஒரே மென்பொருளிடம் ஒப்படைக்கும் காரியங்கள் இரண்டு. அவை ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தாலும் சுபாவத்தில் முற்றிலும் வேறானவை. பதப்படுத்துவது ரசனையைச் சார்ந்தது; ஐந்து ஆண்டுகளுக்கு முன் அழகென்று கருதிக் கறுப்பைக் கூட்டிய படத்தை இன்று மென்மையாக்க விரும்புகிறோம், புதிய கணித முறைகள் வரும்போது பழைய கோப்பிலிருந்தே இரைச்சல் என்னும் புள்ளிக் கலக்கம் குறைந்த படத்தை எடுக்கிறோம். இது மாறிக்கொண்டே இருக்க வேண்டிய காரியம். பேணுவதோ ஞாபகத்தைச் சார்ந்தது. இந்தப் படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், என்ன விசேஷம், நூறு படங்களில் இந்த ஒன்றை நாம் ஏன் சிறந்தது என்று நட்சத்திரமிட்டோம் என்ற விவரங்கள் ஒருமுறை எழுதப்பட்டபின் மாறவே கூடாதவை. விரைவில் பழசாகும் காரியத்தையும் என்றும் நிலைக்க வேண்டிய காரியத்தையும் ஒரே பெட்டியில் வைத்துப் பூட்டுவதிலிருந்தே நம் துன்பங்களில் பெரும்பகுதி பிறக்கிறது.

இந்தத் துறையின் சரித்திரம் நீளமானதன்று. ஆனால் அதற்குள்ளேயே மரணங்கள் பல நேர்ந்துவிட்டன. ஒருவர் தனியே எழுதிய சிறு நிரலோடு அதைத் தொடங்கலாம். டேவ் காஃபின் என்பவர் 1997இல் டிசிரா என்ற நிரலை, காமிரா நிறுவனங்கள் வெளியிடாத கோப்பு அமைப்புகளைத் தாமே ஆராய்ந்து எழுதத் தொடங்கி, நூற்றுக்கணக்கான காமிராக்களின் கோப்புகளைப் படிக்கும்படி வளர்த்து, எவரும் எடுத்துக்கொள்ளும்படி பகிரங்கமாக வைத்தார். அதன் கடைசிப் பதிப்பு 2018இல் வந்ததோடு நின்றுவிட்டது. எனினும் அதிலிருந்து கிளைத்த லிப்ரா என்னும் நிரல்தொகுதி இன்னும் வளர்ந்துவருகிறது. மூலநிரல் வெளிப்படையாக இருந்ததனால் ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடர முடிந்தது. வியாபார ஸ்தாபனங்களின் கதை அப்படிப்பட்டதன்று. 2003இல் போட்டோஷாப்போடு சேர்ந்து இயங்கும் கேமரா ராவை அடோபி கொண்டுவந்தது. ராஷூட்டர் என்ற விரைவான மென்பொருளைச் செய்துவந்த பிக்ஸ்மான்டெக் நிறுவனத்தை அடோபி 2006இல் விலைக்கு வாங்கியது. ராஷூட்டர் அத்துடன் முடிந்தது. பிபிள் என்ற மென்பொருளை 2012இல் கோரல் நிறுவனம் வாங்கி வேறு பெயரில் விற்றது. நிக்கானின் கேப்சர் என்எக்ஸ்2, படத்தில் குறித்த இடத்தை மாத்திரம் திருத்த உதவும் நிக் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் புள்ளிகளை ஆதாரமாகக் கொண்டிருந்தது. அந்த நிக் நிறுவனத்தைக் கூகுள் 2012இல் வாங்கியபின், 2014இல் நிக்கான் வெளியிட்ட அடுத்த மென்பொருளில் அந்தப் புள்ளிகளைக் காணவில்லை.

இவற்றுள் நாம் நின்று யோசிக்க வேண்டியது அப்பர்ச்சர் என்னும் மென்பொருளின் கதை. ஆப்பிள் நிறுவனம் 2005ஆம் ஆண்டு அக்டோபரில் அதை அறிவித்தபோது 499 டாலர் விலை குறித்தது. ரா கோப்பைத் தொடாமல், நாம் செய்யும் மாற்றங்களைக் குறிப்புகளாக மாத்திரம் எழுதிவைத்து, பதப்படுத்தலையும் பேணலையும் ஒரே இடத்தில் செய்ய உதவும் அந்த முறை தொழில்முறைக் கலைஞர்கள் பலரைக் கவர்ந்தது. அடோபி அதற்குப் போட்டியாக லைட்ரூமின் முன்னோட்டப் பதிப்பை 2006 ஜனவரியிலும் முதற் பதிப்பை 2007 பிப்ரவரியிலும் வெளியிட்டது. அப்பர்ச்சரில் தம் வாழ்நாள் உழைப்பைத் தொகுத்து வைத்தவர்கள், இவ்வளவு பெரிய ஸ்தாபனத்தின் பொருள் நிலைத்திருக்கும் என்று நம்பியதில் தவறு ஏதும் இல்லை. ஆனால் 2014 ஜூனில், இனி அதை வளர்ப்பதில்லை என்று ஆப்பிள் அறிவித்தது. 2015 ஏப்ரலில் விற்பனை நின்றது. 2019இல் வந்த கட்டலினா என்னும் இயங்குதளத்தில் அது திறக்கவே மறுத்தது.

அப்போது என்ன மிஞ்சியது என்பதைப் பாருங்கள். மூலக் கோப்புகள் அழியவில்லை. அப்பர்ச்சரின் நூலகத்துக்குள் மறைவாக அடங்கிக் கிடந்தாலும் அவற்றை வெளியே எடுக்க முடிந்தது. குறிச்சொற்களையும் நட்சத்திரங்களையும் லைட்ரூமுக்கு மாற்றித் தரும் இணைப்பு நிரல் ஒன்றை அடோபி 2014இலேயே வெளியிட்டது. ஆனால் ஒவ்வொரு படத்திலும் நிழலைத் தூக்கி, நிறத்தைத் திருத்தி, மூலைகளை இருளாக்கி, பல இரவுகள் உட்கார்ந்து செய்த வேலை இருக்கிறதே, அது வரவில்லை, வரவும் முடியாது. ‘வெளிச்சத்தை இருபது கூட்டு’ என்ற கட்டளைக்கு அப்பர்ச்சரின் கணிதத்தில் ஒரு பொருள், லைட்ரூமின் கணிதத்தில் வேறு பொருள். அடோபியே தன் கணித முறையை 2010இலும் 2012இலும் மாற்றியமைத்தபோது, பழைய படங்கள் உருமாறிவிடாமல் இருப்பதற்காகப் பழைய முறைகளையும் உள்ளே வைத்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது. தன் சொந்த வீட்டுக்குள்ளேயே பொருள் மாறும் கட்டளைகளை அயலார் படித்துப் புரிந்துகொள்வார்கள் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

ஆகவே பதப்படுத்தும் கட்டளைகள் நிலையற்றவை என்பதை நாம் மனப்பூர்வமாக ஏற்றுக்கொள்ள வேண்டும். எழுத்து விவரங்களின் நிலை அப்படி இல்லை. அங்கே நமக்கு உறுதியான ஆதாரம் இருக்கிறது. பத்திரிகைச் செய்தி நிறுவனங்கள் ஐபிடிசி என்ற பெயரில் படத்தலைப்பு, இடம், எடுத்தவர் பெயர் முதலியவற்றுக்குப் பொதுவான அமைப்பை வகுத்திருக்கின்றன. இத்தகைய விவரங்களை எழுதிவைக்க அடோபி 2001இல் தொடங்கிய எக்ஸ்எம்பி என்னும் முறை 2012இல் சர்வதேசத் தரமாகவே ஏற்கப்பட்டது. ரா கோப்பின் பக்கத்திலேயே அதே பெயரோடு நிற்கும் ஒரு சிறு எழுத்துக் கோப்பில் இந்த விவரங்கள் இருந்தால், எந்த மென்பொருளும் அவற்றைப் படிக்கலாம். மென்பொருளே இல்லாவிட்டாலும் சாதாரண எழுத்து நிரலில் திறந்து மனிதரே படிக்கலாம்.

ஆனால் இந்தச் சௌகரியத்தை எல்லா மென்பொருளும் தானாகவே தருவதில்லை. லைட்ரூம் கிளாசிக், நாம் எழுதும் விவரங்களை எல்லாம் கேட்டலாக் என்னும் தன் தரவுத்தளத்தில் வைத்துக்கொள்கிறது. அவற்றைப் பக்கத்துக் கோப்பிலும் எழுது என்று அமைப்புகளில் நாம் சொன்னால்தான் எழுதும். அப்படிச் சொன்ன பின்பும், தொகுப்புகளாக நாம் பிரித்து வைத்த ஏற்பாடும், ஒரே கோப்புக்கு நாம் உண்டாக்கிய மாற்றுப் பிரதிகளும் கேட்டலாக்கை விட்டு வெளியே வருவதில்லை. லைட்ரூமை ஆளும் அன்பர்கள் இன்றே வீட்டுக்குப் போய் அந்த ஒரு அமைப்பை இயக்கிவைத்தால், நான் இங்கு வந்து பேசியதற்குப் பிரயோஜனம் உண்டு என்று மகிழ்வேன். டார்க்டேபிள் என்னும் கட்டற்ற மென்பொருளோ, தன் தரவுத்தளத்தோடு ஒவ்வொரு படத்துக்கும் எக்ஸ்எம்பி கோப்பையும் இயல்பாகவே எழுதிவிடுகிறது. அதிலுள்ள பதப்படுத்தும் கட்டளைகள் அதற்கு மாத்திரமே புரியும் என்றாலும், குறிச்சொற்களும் நட்சத்திரங்களும் எல்லோருக்கும் புரியும்.

சந்தா முறையைப் பற்றி அன்பர்கள் கோபத்தோடு பேசுவதைக் கேட்டிருக்கிறேன். லைட்ரூமை ஒரேயடியாக விலைக்கு வாங்கும் வசதி 2015இல் வந்த ஆறாம் பதிப்போடு நின்றது; அதன் பின்னர் மாதந்தோறும் செலுத்திக்கொண்டேயிருக்க வேண்டும். பணத்தை நிறுத்தினால் படங்களே போய்விடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள், அது சரியன்று. லைட்ரூம் கிளாசிக்கில் சந்தா முடிந்தபின்னும் நூலகத்தைத் திறந்து பார்க்கலாம், படங்களை வெளியே எடுக்கலாம். பதப்படுத்தும் பகுதிதான் பூட்டப்படும். தொழிலாகச் செய்து வருமானம் பெறுகிறவர்களுக்கு இது தாங்கக்கூடிய செலவு. விருப்பத்துக்காக மாதம் ஒருமுறை படமெடுக்கிறவர் ஆயுள் முழுவதும் சந்தா கட்டுவது அவசியமா என்பதை அவரவரே யோசிக்க வேண்டும். அவசியமில்லை என்றே நான் நினைக்கிறேன்.

அவ்வாறு நினைப்பவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள்கள் இருக்கின்றன. புடாபெஸ்ட் நகரைச் சேர்ந்த காபோர் ஹோர்வாத் தொடங்கிய ராதெரப்பி 2010இல் பொது உரிமத்தின் கீழ் திறந்துவிடப்பட்டது. டார்க்டேபிள் 2009 முதல் வளர்ந்து, 2017 இறுதியில் விண்டோஸுக்கும் வந்தது. பழக எளிதானவை என்று இவற்றைப் பற்றிச் சொல்ல மாட்டேன். டார்க்டேபிளின் கருவிகள் ஒளியின் கணிதத்தை நேரடியாக நம் முன் வைப்பதால், முதல் வாரங்களில் மலைப்பு உண்டாகும். பொறுமையோடு கற்றவர் பிறகு அதை விட விரும்புவதில்லை. பேணும் வேலைக்கு டிஜிகேம் மிகச் சிறந்த துணை. விவரங்களைக் கோப்பிலோ பக்கத்துக் கோப்பிலோ எழுதிவைக்கும் கொள்கையிலேயே அது நடக்கிறது. விலை கொடுத்து வாங்குவனவற்றில், டென்மார்க் நாட்டுக் கேப்சர் ஒன், காமிராவைக் கணினியோடு இணைத்துப் படமெடுக்கும் ஸ்டூடியோக்களில் பெருமதிப்புப் பெற்றது. பிரான்ஸ் நாட்டு டிஎக்ஸ்ஓ, லென்சுகளை ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொன்றாக அளந்து குறைகளைத் திருத்துவதிலும் இரைச்சலை நீக்குவதிலும் தேர்ந்தது; மங்கிய வெளிச்சத்தில் கச்சேரிகளையும் நாட்டியங்களையும் எடுப்பவர்கள் அதை அவசியம் பார்க்க வேண்டும். ஒரு நாளில் இரண்டாயிரம் படமெடுத்து அரை மணியில் பத்துப் படத்தைத் தலைப்போடு அனுப்ப வேண்டிய பத்திரிகைக்காரருக்கு போட்டோ மெக்கானிக்கே ஏற்றது. ரா கோப்புக்குள் காமிரா ஒளித்து வைத்திருக்கும் சிறு ஜேபெக்கையே அது எடுத்துக் காட்டுவதனால் காத்திருக்கும் நேரம் இல்லை. கேனான், நிக்கான் முதலிய காமிராக்காரர்களே இலவசமாகத் தரும் மென்பொருள்கள் அந்தந்தக் காமிராவின் நிறத்தை நன்கு பிரதிபலிக்கின்றன. ஆயினும் நாளை வேறு காமிரா வாங்கினால் அவை உதவா.

காமிராக்காரர்களின் மனப்போக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நிக்கான் நிறுவனம் டி2எக்ஸ் முதலிய சில காமிராக்களின் கோப்புகளில் ஒயிட் பேலன்ஸ் விவரத்தை மறைகுறியாக்கி வைத்திருந்தது 2005இல் தெரியவந்தபோது, போட்டோஷாப்பை உருவாக்கிய சகோதரர்களில் ஒருவரும் கேமரா ராவை எழுதியவருமான தாமஸ் நோல் அதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். டேவ் காஃபின் அந்தக் குறியை உடைத்துத் தம் நிரலில் சேர்த்துவிட்டார். நாம் பாடுபட்டு எடுத்த படத்தின் விவரம் நமக்கே மறைக்கப்படுவது நியாயமாகாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இத்தகைய நிலைமைக்குப் பரிகாரமாகவே அடோபி 2004 செப்டம்பரில் டிஎன்ஜி என்ற பொது அமைப்பை வெளியிட்டது. லைக்கா, பென்டாக்ஸ் காமிராக்கள் அதில் நேரடியாகவே பதிகின்றன. அப்படியானால் நம்மிடமுள்ள எல்லாக் கோப்புகளையும் டிஎன்ஜியாக மாற்றிவிடலாமா என்று கேட்பார்கள். அவசரம் வேண்டாம் என்பேன். காமிரா தந்த கோப்பு விதைநெல். அதை எதன்பொருட்டும் கைவிடலாகாது. மாற்றிய கோப்பைக் காமிராக்காரரின் சொந்த மென்பொருள் திறக்காமற்போகலாம். தம் காமிராவின் கோப்பை மென்பொருள்கள் ஒவ்வொன்றாகக் கைவிடத் தொடங்கும் அறிகுறி தெரிந்தால், அப்போது மூலத்தோடு கூட ஒரு டிஎன்ஜி பிரதியும் செய்துகொள்வது உசிதம்.

தேர்வு செய்யும் முறையை இப்போது சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான மென்பொருள்களுக்குச் சோதனைக் காலம் உண்டு. அந்த நாட்களை அழகிய படங்களைச் செய்து பார்ப்பதிலேயே செலவழிக்காதீர்கள். உங்கள் சொந்தக் காமிராவின் நூறு கோப்புகளை, அவற்றில் இருண்டவையும் வெளிறியவையும் இருக்கும்படி பொறுக்கி, ஒரு தனிக் கோப்புறையில் பிரதி செய்துகொள்ளுங்கள். அவற்றுக்குத் தமிழிலேயே தலைப்பும் குறிச்சொல்லும் எழுதி, நட்சத்திரமிட்டு, பதப்படுத்தி, மென்பொருளை மூடிவிடுங்கள். பிறகு அந்தக் கோப்புறையை வேறொரு கணினிக்கு எடுத்துச் சென்று, வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். தமிழ் எழுத்துகள் சிதையாமல் வந்தனவா, நட்சத்திரங்கள் வந்தனவா, படங்கள் நீங்கள் வைத்த கோப்புறையிலேயே வைத்த பெயரோடு இருக்கின்றனவா என்பவற்றைக் கண்ட பிறகே, நிறத்தின் அழகையும் வேகத்தையும் ஒப்பிடத் தொடங்குங்கள். இந்தச் சோதனையில் தேறாத ஒன்றை, அதன் வண்ணம் எவ்வளவு மனோகரமாக இருந்தாலும், பேணும் காரியத்துக்கு ஏற்காதீர்கள். வேண்டுமானால் பதப்படுத்த மட்டும் வைத்துக்கொள்ளலாம். இரண்டு காரியங்களுக்கு இரண்டு மென்பொருள் வைத்துக்கொள்வதில் எந்தத் தடையும் இல்லை.

பிரதிகளைக் காப்பதற்குப் பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் சொன்ன விதியை நீங்கள் அறிந்திருப்பீர்கள்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்றாவது வேறோர் இடத்தில். அந்தப் பிரதிகளில் கேட்டலாக்கையும் எக்ஸ்எம்பி கோப்புகளையும் சேர்க்க மறந்துவிடுகிறவர்கள் பலர்.

கட்டளைகள் நிலையற்றவை என்றேன். அவற்றால் விளைந்த படம் நிலைக்கும்படி செய்ய ஒரு வழி உண்டு. ஒவ்வோர் ஆண்டின் முடிவிலும், இது என் படம் என்று நீங்கள் பெருமையோடு காட்டக்கூடிய நூறு படங்களைத் தேர்ந்து, பதப்படுத்திய நிலையிலேயே 16 பிட் டிஃப் கோப்புகளாக, தலைப்பும் இடமும் பெயரும் உள்ளே எழுதப்பட்டபடி, வெளியே எடுத்து வையுங்கள். 24 மெகாபிக்சல் காமிராவின் ஒரு படம் சுருக்கப்படாத நிலையில் 144 எம்பி ஆகும். நூறு படங்களுக்கு 14.4 ஜிபி. இன்று காமிராவில் போட்டுக்கொள்ளும் 64 ஜிபி கார்டு ஒன்றிலேயே நான்கு ஆண்டுகளின் படங்கள் அடங்கிவிடும். அவற்றைத் திறக்க லைட்ரூமும் வேண்டாம், டார்க்டேபிளும் வேண்டாம். டிஃப் கோப்பைத் திறக்கத் தெரிந்த எந்தக் கணினியிலும், உங்கள் பேரப்பிள்ளைகள் அந்தப் படங்களை நீங்கள் கண்ட நிறத்திலேயே காண்பார்கள், அதில் நிற்பவர் யார் என்பதையும் படித்துத் தெரிந்துகொள்வார்கள்.